சங்கு நண்டுக்கு இரண்டு கேணி

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை ஆகிய ஊர்களைக் கடந்து மாவிட்டபுரத்தை அடைவர். அங்கே கந்தசுவாமி கோயிலை வணங்கி, மேற்கே திரும்பும் பாதையிற் சிறிது தூரம் சென்றால் கடற்காற்று முகத்திலே படும். நகுலேச்சரப் பெருமானின் ஆலயத்தைத் தாண்டியதும் கேணி; கேணியை அடுத்து ஒரு சுவர்; சுவருக்கு அப்பால் அலைகடல். இதுவே கீரிமலை.

கீரிமுகம் கொண்ட நகுல முனிவரும், குதிரைமுகம் கொண்ட மாருதப்புரவீகவல்லியும் இந்நீரில் ஆடித் தம் குறை நீங்கப்பெற்றனர் என்னும் ஐதிகத்தை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தொட்டிலிலேயே கேட்டு வளர்கின்றனர். ஆகவே அதனை இங்கே விரித்துரைக்கப் புகவில்லை. கீரிமலையைப் பற்றி எழுதுவோர் வழக்கமாக எழுதாத ஒன்றையே நான் சொல்ல வந்தேன். சங்கைச் சுமந்துகொண்டு கரையிலே திரியும் நண்டை வீட்டில் வளர்ப்பதாயின், அதற்கு எத்தகைய நீர்நிலை அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பதே அது. "இதுவும் ஒரு விடயமா?" என்று வாசகர் நகைக்கலாம். ஓர் உயிர் போன பின்னரே இது விடயந்தான் என்பதை நானும் உணர்ந்தேன்.

சென்ற ஆடி அமாவாசையன்று என் தந்தையாருக்குப் பிதிர்க்கடன் செய்வதற்காகக் குடும்பத்தோடு கீரிமலைக்குச் சென்றிருந்தேன். அன்றைய சனக்கூட்டத்தைச் சொல்லி முடியாது. எள்ளும் தர்ப்பையும் வாழையிலையுமாகக் கரையெங்கும் மக்கள். நான் கடலிலே மூழ்கியெழுந்து, கேணியிலும் நீராடித் திரும்புகையில், பெண்கள் கேணியிலே தாயாரோடு குளித்து முடித்திருந்த என் இளைய மகள், சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் ஏந்தியவாறு ஓடிவந்தாள். அவளுக்கு வயது எட்டு.

"அப்பா, பாருங்கோ, சங்கு நடக்குது!"

பெட்டிக்குள்ளே மூன்று நண்டுகள். ஒன்று எலுமிச்சங்காய் அளவு. மற்றையவை இரண்டும் புளியங்கொட்டையிலும் சற்றே பெரியன.

"கொண்டுபோக வேண்டாம் பிள்ளை. செத்துப்போம்."

"சாகாது அப்பா. நான் தண்ணி வைப்பன்."

பிதிர்க்கடன் முடித்த நாளிலே பிள்ளையை அழவைக்க மனம் வரவில்லை. நான் இசைந்தேன்.

வீட்டிலே வெறுமையாய்க் கிடந்த பழைய மீன்தொட்டி ஒன்றில் முற்றத்து மணலைப் பரப்பி, நடுவிலே ஒரு பீங்கான் கோப்பையை வைத்து, கிணற்று நீரால் நிரப்பினோம். கோப்பை அழகானது, ஆழமானது, உட்புறம் கண்ணாடி போல் வழுவழுப்பானது. எங்கள் கிணற்றுக்கு இரண்டு நாட்களின் முன்னர்தான் குளோரீன் இட்டிருந்தார்கள். அதனை நான் மறந்தே போனேன். நண்டு என்றால் நீர்வாழ் பிராணி, நீர் இருந்தால் வாழும் என்பதே என் எண்ணம். பட்டம் பெற்றவன், கல்லூரியிலே புவியியல் கற்பிப்பவன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாயிருக்கிறது.

மூன்றாம் நாட் காலையிலே சிறியவற்றுள் ஒன்று கோப்பையின் அடியில் அசைவற்றுக் கிடந்தது. சங்கினின்று பாதியுடல் வெளியே சரிந்திருந்தது. மகள் அழவில்லை, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"நண்டு தண்ணிக்கை சாகுமோ அப்பா?"

இருபது ஆண்டுகளாக மாணவரின் வினாக்களுக்கு விடையிறுத்த எனக்கு அவ்வினாவுக்கு விடை தெரியவில்லை.

அன்று ஆசிரியர் அறையிலே விலங்கியல் கற்பிக்கும் நண்பரிடம் நடந்ததைக் கூறினேன். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "கோப்பையிலிருந்து ஏறி வர வழி வைத்தீரா?" என்றுதான் முதலிற் கேட்டார். வைக்கவில்லை என்றேன். "அப்படியாயின் அது மூழ்கி இறந்தது" என்றார். பின்பு அவர் கூறியவற்றை, எனக்கு விளங்கிய அளவில் இங்கே தருகின்றேன்.

சங்கு சுமக்கும் நண்டுகளில் இரு சாரார் உளர். பாறைக் குழிகளிலே எந்நேரமும் நீருக்கடியில் ஊர்ந்து திரிவன ஒரு சாரார். அவை கடல்வாழ்வன. உலர்ந்த மணலிலும் செடியடியிலும் திரிவன மற்றச் சாரார். இவற்றின் இனத்திற்கு சீனோபிற்றா என்று பெயர். 1829ஆம் ஆண்டிலே பிரெஞ்சு நாட்டு அறிஞர் லத்ரேய் இட்ட பெயர் அது. தனித்து வாழாமல் மடத்திலே கூடி வாழும் துறவி என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். முனிவர் ஒருவர் சாபம் நீங்கிய கரையிலே துறவியின் பெயர் தாங்கிய நண்டு திரிவது பொருத்தமே என்று நான் சொன்னேன். நண்பர் அதனைக் காதிற் போட்டுக்கொள்ளவில்லை, அவர் விஞ்ஞானி.

இத்தரைவாழ் நண்டுக்குச் செவுள் உண்டு. ஆயினும் அது சுருங்கிய செவுள். செவுளறையின் சுவரும் வயிற்றின் மென்தோலும் காற்றிலிருந்தே ஒட்சிசனைப் பெறுகின்றன. நீரில் நெடுநேரம் அமிழ்ந்திருந்தால் அதற்கு மூச்சடைக்கும். அதேவேளை, செவுள் உலர்ந்தாலும் சாவுதான். ஈரம் இருக்கவேண்டும், வெள்ளம் கூடாது. இவ்விக்கட்டைச் சமாளிக்கவே அது தன் சங்கினுள்ளே சிறிதளவு நீரை எப்போதும் கொண்டு திரிகின்றது. வயிற்றையும் செவுளையும் நனைத்து வைப்பது அந்நீரே. நாம் போத்தலிலே நீர் கொண்டு பிரயாணம் செய்வதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்நீர் எத்தகையது என்பதிலேதான் நுட்பம் இருக்கின்றது. கடல்நீரை மாத்திரம் வைத்தால், அது ஆவியாக ஆவியாகச் சங்கினுள் உப்பு மிகும். நன்னீரை மாத்திரம் வைத்தால் உடலுக்கு வேண்டிய உப்புக் குறையும். ஆகையால் நண்டு சிலவேளை கடல்நீரையும் சிலவேளை நன்னீரையும் நாடித் தன் குருதியின் உப்பளவைத் தானே சீர்செய்துகொள்கிறது. கரிபியன் கடலிலுள்ள குராசோத் தீவிலே த வில்டே என்னும் ஒல்லாந்த அறிஞர் இவ்வினத்து நண்டொன்றின் நீர்ச் சிக்கனத்தை ஆராய்ந்து 1973இல் நூல் வெளியிட்டிருக்கிறார் என்று நண்பர் சொன்னார். இவ்வளவு கற்றோர் ஆராய்ந்த விடயத்தை நான் ஒரு பீங்கான் கோப்பையால் தீர்த்துவிட எண்ணினேன்.

"இரண்டு நீரும் வையும், ஏற வழி வையும், குளோரீனை அகற்றும்" என்பது நண்பரின் முடிவுரை. குளோரீன் செவுளின் மென்தோலைத் தாக்கும் நஞ்சு. கிணற்றுக்கு இட்டதாயின், அகன்ற பாத்திரத்திலே நீரை ஊற்றி ஓரிரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் நீங்கிவிடும். சில நகரங்களிலே குழாய்நீருக்கு அமோனியாவும் சேர்ந்த குளோரமீனை இடுவர். அது திறந்து வைப்பதால் எளிதிற் போகாது. அதற்கு மீன் வளர்ப்போர் பாவிக்கும் மருந்துத் துளிகள் வேண்டும்.

நன்னீர் எளிதாயிற்று. கடல்நீருக்கு எங்கே போவது? நான் சோம்பலினால் ஒரு குறுக்குவழி கண்டேன். குசினியிலே உப்பு இருக்கின்றது, தண்ணீர் இருக்கின்றது, கலந்தாற் கடல்நீர்! மறுநாள் இதனைப் பெருமையோடு நண்பரிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். கடல்நீரில் 1 கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன என்பதை நானே வகுப்பிலே படிப்பிக்கின்றேன். அவற்றுள் சோடியமும் குளோரைட்டுமே பெரும்பங்கு என்பதும் உண்மை. எனினும் மகனீசியம், கல்சியம், பொற்றாசியம், சல்பேற்று என்பனவும் அங்கே உள. ஓட்டுடல் கொண்ட பிராணிக்குக் கல்சியம் இன்றியமையாதது. கடை உப்பிலோ இவை நீக்கப்பட்டிருக்கும். 1995ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையிலே உணவுப்புக்கு அயடீன் சேர்ப்பதும் கட்டாயமாகியுள்ளது. எங்கள் கழலை நோயைத் தடுக்க இட்ட அயடீனை நண்டுக்கு ஊட்டவேண்டிய அவசியம் இல்லை என்றார் நண்பர். கடல் இல்லாத நாடுகளிலே இதற்கென்று முழுக் கடலுப்பை விற்கின்றார்கள். எந்த மூலையிலிருந்தும் அரைநாட் பயணத்திற் கடலை அடையக்கூடிய எங்களுக்கு அது வேண்டியதில்லை. வேண்டியது பஸ்ஸில் ஏறும் மனம் மாத்திரமே.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மகளையும் இரண்டு பெரிய பிளாஸ்திக்குப் போத்தல்களையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் கீரிமலைக்குப் போனேன்.

அமாவாசைக் கூட்டம் இல்லாத கீரிமலை வேறு ஓர் ஊர். கேணியிலே நான்கைந்து இளைஞர் குதித்து விளையாடிக்கொண்டிருந்தனர். சோளகக் காற்று ஓய்ந்து வந்தது. கரைப் பாறையெல்லாம் சுண்ணக்கல். கூர்கூராக அரிக்கப்பட்டு, வெறுங்காலோடு நடப்பவரைச் சோதிப்பது. அப்பாறையிலே சிறியனவும் பெரியனவுமாக எண்ணிறந்த குழிகள். சிலவற்றிலே அலை தெறித்த உப்புநீர். உட்புறமாக உள்ள சிலவற்றிலே பாறை வெடிப்பினூடே கசிந்த நீர். விரலை நனைத்து நாவில் வைத்துப் பார்த்தேன். பின்னையது கடல்நீர் அன்று. இலேசான சவர் மாத்திரம் இருந்தது.

அப்பொழுது எனக்கு என் தந்தையாரின் நினைவு வந்தது. எனக்கு ஏழு எட்டு வயதிருக்கும். இதே கரையிலே என்னைக் கொண்டுவந்து, முதலில் கடல்நீரிலே ஒரு துளி, பின்பு கேணிநீரிலே ஒரு துளி நாவில் வைத்து, "வித்தியாசம் தெரியுதோ? இடையிலை ஒரு சுவர்தான்" என்றார். 1990ஆம் ஆண்டிற்குப் பின் நெடுங்காலம் இக்கரை உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டுக் கிடந்தமையால், அவரோடு மறுபடி இங்கே நீராடும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. பாதை திறந்தபோது அவர் இல்லை.

ஆறில்லாத குடாநாடு எங்களது. மழைநீர் சுண்ணக்கல்லினூடே இறங்கி, பாரமான கடல்நீரின் மேலே ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது புவியியலாளரின் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறும் என்பதும் அதே கணக்குத்தான். புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உப்புநீரும் இருப்பதை எல்லாரும் அறிவர். அவ்வில்லையின் ஓரம் கடலைத் தொடும் இடங்களில் ஒன்றே கீரிமலை. இதையெல்லாம் கரும்பலகையிலே பல தடவை வரைந்திருக்கின்றேன். ஆயினும் ஒரு நண்டு இவ்விரண்டு நீருக்கும் இடையிலே குடியிருக்கின்றது என்ற எண்ணம் ஒருபோதும் தோன்றியதில்லை.

போத்தல்களை நிரப்பிக்கொண்டிருக்கையில், தூண்டிலோடு பாறையில் இருந்த முதியவர் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, உப்புத் தண்ணியோ அள்ளுறியள்?"

"ஓம் ஐயா. பிள்ளை சங்கு நண்டு வளர்க்கிறா. அதுக்கு."

"அந்தக் கோதாரியை வளர்க்கிறதோ? நாங்கள் தூண்டிலிலை குத்தத்தான் பிடிக்கிறனாங்கள்." சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே தொடர்ந்தார். "பொழுதுபட நிண்டு பாருங்கோ. அப்பதான் வெளிக்கிடுவினம்."

நண்டுகளை 'வெளிக்கிடுவினம்' என்று மனிதருக்குரிய மரியாதையோடு அவர் குறித்தது மகளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பொழுது சாய்ந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பின்பு, சிறு கற்கள் என்று நாம் எண்ணியிருந்தவை அசையத் தொடங்கின. ஒன்று, பத்து, இருபது என்று கரையோரச் செடிகளின் அடியிலிருந்து சங்குகள் இறங்கி வந்தன. மகள் மின்சூழைத் தாழ்த்திப் பிடித்திருக்க, நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். பெரிய நண்டு ஒன்று கசிவுநீர்க் குழியொன்றின் விளிம்பிலே நின்று, சிறிய கொடுக்கை நீரில் தோய்த்து வாயருகே கொண்டுபோயிற்று, மறுபடியும் தோய்த்தது, மறுபடியும் கொண்டுபோயிற்று. கையால் அள்ளிக் குடிக்கும் கிழவியைப் போலவே இருந்தது. பின்பு முழுவதுமாகக் குழிக்குள்ளே இறங்கி, சங்கு அமிழ ஒரு புரளல் புரண்டு, கரடுமுரடான பாறையைப் பற்றிக்கொண்டு மேலேறியது. இவ்வளவும் ஒரு நிமிடத்திற்குள் முடிந்தது. அக்குழி சங்கு அமிழும் ஆழமே. அதற்கு மேல் இல்லை. அதன் சுவர் சரிந்தது, சொரசொரப்பானது. பீங்கான் கோப்பை என் கண்முன்னே வந்து நின்றது.

வேறொன்று அலைத்தெறிப்புக் குழியிலே இறங்கியது. அங்கிருந்து வெளியேறிச் சிறிது அலைந்துவிட்டு, கசிவுநீரை நாடிச் சென்றது. இரண்டு நீருக்கும் இடைத்தூரம் பத்துப் பன்னிரண்டு அடிதான்.

அன்றிரவே வீட்டிலே பழைய ஏற்பாட்டையெல்லாம் கலைத்தோம். இப்போது செய்ததை, நண்டு வளர்க்கும் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்குப் பயன்படும் என்பதனால் சற்று விரிவாகவே சொல்லுகின்றேன். கோப்பைக்குப் பதிலாக, மெருகிடாத மண்சட்டிகள் இரண்டு. அவற்றின் உட்புறம் கால் பற்ற இடங்கொடுக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கமாகக் கூழாங்கற்களை அடுக்கிச் சரிவு அமைத்து, நடுவிலே ஒரு முருகைக்கல்லையும் வைத்தோம். ஆழம் நம்மிடமுள்ள பெரிய நண்டின் சங்கு அமிழும் அளவு. சிறியது அகப்பட்டாலும் எந்தப் பக்கத்திலிருந்தும் ஏறிவிட வேண்டும். அதனைச் சோதிக்க மகள் தன் விரலையே நண்டாக நடத்திப் பார்த்தாள். சட்டிகளை மணலில் விளிம்புவரை புதைத்து, ஒன்று தொட்டியின் இந்த அந்தத்திலும் மற்றது அந்த அந்தத்திலுமாக வைத்தோம். அருகருகே வைத்தால் ஒன்றின் நீரை மற்றதிலே கொண்டுபோய்ச் சிந்திவிடும். மணலையும் மாற்றினோம்: சங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழம், கையிலே பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரம். மேலே கண்ணாடி மூடி, காற்றுக்குச் சிறு இடைவெளியோடு. எங்கள் வறண்ட காற்றிலே மூடியின்றி வைத்தால் செவுள் உலர்ந்துவிடும்.

இதிலும் ஒரு பிழை விட்டேன். உப்புச் சட்டியிலே நீர் குறையக் குறையக் கடல்நீரையே மேலும் மேலும் வார்த்தேன். நான்கு நாட்களிலே விளிம்பில் வெள்ளைப் படலம் பூத்தது. ஆவியாகிப் போவது நீர் மாத்திரமே. உப்பு அங்கேயே நிற்கின்றது. நான் வீட்டுக்குள்ளே ஓர் உப்பளம் நடத்திக்கொண்டிருந்தேன்! குறைந்த அளவுக்கு நன்னீரை வார்ப்பதும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை முழுவதையும் ஊற்றிவிட்டுப் புதுக் கடல்நீர் இடுவதுமே முறை. நன்னீரை நாள்தோறும் மாற்றலாம்.

மகள் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து, எந்த நண்டு எந்தச் சட்டிக்குப் போகிறது என்று குறிக்கத் தொடங்கினாள். உறங்கப்போகும் வரையுள்ள கணக்குத்தான் அது. விஞ்ஞானம் என்று சொல்லமாட்டேன். ஆயினும் பெரியது பெரும்பாலான இரவுகளிலே இரண்டு சட்டிகளுக்கும் போயிற்று. சிறியது முதல் வாரம் முழுவதும் உப்புநீரையே நாடியது. குசினியுப்பைக் கரைத்த நாட்களிலே அதற்கு எது குறைந்து போயிற்றோ?

புரட்டாதி பிறந்த சில நாட்களிலே பெரிய நண்டைக் காணவில்லை. மணலிலே ஒரு மேடு மாத்திரம் தெரிந்தது. பத்து நாட் பொறுத்தேன். பின்பு, செத்து நாறுமுன் எடுத்துவிடுவோம் என்று அகப்பையைக் கையில் எடுத்தேன். மகள் தொட்டிக்கு முன்னே வந்து நின்றுகொண்டாள்.

"கிண்டாதேங்கோ அப்பா. முந்தியும் நீங்கள்தான்…"

அவள் வசனத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நான் அகப்பையை வைத்துவிட்டு நண்பருக்குத் தொலைபேசியிலே பேசினேன். நல்ல வேளையாய்க் கிண்டவில்லை என்றார் அவர். ஓடு கழற்றுவதற்காகவே நண்டு மண்ணுக்குள் போகிறது. உடல் மெழுகுபோல் மென்மையாயிருக்கும் அக்காலத்திலே கிண்டி எடுத்தால் இறந்துவிடும். தான் சங்கிலே கொண்டுபோன நீரையும் மணலின் ஈரத்தையும் நம்பியே பல வாரங்கள் உள்ளே கிடக்கும். கழற்றிய ஓட்டையும் தானே தின்று அதிலுள்ள கல்சியத்தை மீட்டுக்கொள்ளும் என்று விளக்கினார். ஆகவே அது மண்ணுக்குள் இறங்குமுன் எத்தகைய நீரைப் பெற்றிருந்தது என்பது உயிர்நிலையான கேள்வி. எங்கள் சட்டிகள் இரண்டும் சரியாக இருந்தனவா? இதற்கு விடை மண்ணுக்குள் இருந்தது. நாள்தோறும் பாடசாலை விட்டு வந்ததும் மகள் அந்த மேட்டைப் பார்ப்பாள். பின்பு என்னைப் பார்ப்பாள். அவ்வாரங்களில் அந்தப் பார்வையைச் சந்திப்பது எளிதாயிருக்கவில்லை.

முப்பத்தெட்டாம் நாளிரவு, நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கையிலே தொட்டிக்குள்ளே சங்கு கண்ணாடியில் உரசும் ஒலி கேட்டது. விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பெரிய நண்டு உப்புச் சட்டியினுள்ளே இருந்தது. கால்கள் புதுநிறம் பெற்று மினுங்கின. உறங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பினேன். மனைவியும் எழுந்துவந்து, "நடுச்சாமத்திலை தகப்பனுக்கும் பிள்ளைக்கும் விசர்" என்று சொல்லிக்கொண்டே எங்களோடு நின்று பார்த்தாள்.

இவ்வாறு சட்டிகளிரண்டும் சரியென்று தெரிந்த பின்னரே, நண்டுகளைத் திரும்பக் கொண்டுபோய் விடலாமா என்ற பேச்சை எடுத்தேன். ஐக்கிய அமெரிக்காவிலே கடற்கரைக் கடைகளில் இவற்றின் சங்குகளுக்கு வர்ணம் பூசி, கம்பிக் கூட்டிலே ஓர் ஈரப்பஞ்சோடு விற்கின்றனர் என்பதையும், அவ்வாறு விற்கப்படுவன ஏறக்குறைய அனைத்தும் கரையிலே பிடிக்கப்பட்டவையே என்பதையும் படித்திருந்தேன். கூட்டிலே இவற்றை இனம் பெருக்குவது மிகக் கடினம்; ஏனெனில் தாய்நண்டு முட்டையைக் கடல்நீரில் விட, குஞ்சுகள் பல வாரங்கள் கடலிலே மிதந்து உருமாறி, சிறு சங்கொன்றைத் தேடிக்கொண்ட பின்னரே கரையேறும். யப்பானிலே 1970இல் இவ்வினத்தை இயற்கைச் சின்னம் என்று சட்டத்தாற் காத்தனர். இவற்றையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். அவளுக்கு அவை பெரிதாகப் படவில்லை. "நாங்கள் நல்லாத்தானே வைச்சிருக்கிறம்?" என்றாள். அது உண்மையே. மறுமொழி சொல்ல இயலவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளாகவே வந்தாள். கொப்பியை விரித்துக் காட்டினாள். பெரியது மண்ணுக்குள் இருந்த நாட்களிலே சிறியதன் கணக்கு அதிலே தனியாக இருந்தது. பல இரவுகளுக்கு நேரே ஒன்றும் குறிக்கப்படவில்லை. அது வெளியே வரவேயில்லை.

"அண்டைக்குக் கீரிமலையிலை எத்தினை பேர் ஒண்டாய் வந்தவை, அப்பா?"

"எண்ண முடியேல்லை."

"இங்கை இரண்டு பேர்தானே."

தீபாவளி விடுமுறையிலே ஒருநாட் பிற்பகல் புறப்பட்டோம். அதே சாப்பாட்டுப் பெட்டி. ஈரத்துணி விரித்து அதன் மேலே இரண்டு நண்டுகள். வேறொரு கரையிலே விடலாகாது, எடுத்த இடத்திலேயே விடவேண்டும் என்பது நண்பரின் கட்டளை. மழைக்காலம் தொடங்கியிருந்தது. பாறைக் குழிகளிலெல்லாம் மழைநீர் நிரம்பி நின்றது. தூண்டில் முதியவரைக் காணவில்லை; இருந்திருந்தால் அவரிடமிருந்து மறைத்தல்லவா விடவேண்டும்! மிஞ்சியிருந்த போத்தற் கடல்நீரை மகள் கடலிலே ஊற்றினாள்.

கேணிப் பக்கமாகச் சற்று விலகி, செடியடியிலே இரண்டையும் இறக்கிவைத்தாள். பெரியது உடனே கால்களை நீட்டியது, ஒருகணம் நின்றது, பின்பு கடலை நோக்காமல், வெடிப்பிலே நீர் கசியும் பாறையை நோக்கி நடந்து மறைந்தது. சிறியது சங்கினுள்ளேயே இருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் பார்த்தோம். பஸ் வண்டி ஊதும் ஓசை கேட்டது. போவோமா என்று கேட்டேன். மகள் தலையை ஆட்டிவிட்டு, பாறையிலே குந்திக்கொண்டாள். நானும் சால்வையை மடித்துப் போட்டு அவளருகே இருந்தேன். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒருமணி நேரம் இருந்தது. பொழுதுபடுமட்டும் இருப்பதற்கு அது போதும்.